கிரில் சிக்கன் கடை நல்ல கடையா? நாக்குக்கு முன்னாடி கண்ணு சொல்லும்... வாசலில் நின்று எதைப் பார்க்கணும்?

சங்கரன்கோவில் என்றதும் அசைவப் பிரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுல்தான் மட்டன் பிரியாணிதான். ராஜபாளையம், திருநெல்வேலி பக்கம் போகிறவர்கள்கூட வழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடும் பெயர் அது. ஆனால் பிரியாணி மதியச் சமாச்சாரம். சாயங்காலம் ஆனால் வேறு கதை. தென் மாவட்டத்தின் எல்லா ஊர்களையும் போல இங்கேயும் சாலையோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோத்த கோழி சுற்ற ஆரம்பித்துவிடும். பக்கத்திலேயே கரி அடுப்பு, மேலே 'பார்பிக்யூ', 'அல்ஃபஹம்' என்று எல்.இ.டி போர்டு.

இந்தக் கடைகளைப் பற்றி வரும் ரிவ்யூ வீடியோக்களைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஜூஸியா இருக்கு", "மசாலா உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு", "குவான்டிட்டி செம", "மயோ வேற லெவல்". ருசி, அளவு, விலை எல்லாம் வந்துவிடும். கோழி உள்ளே முழுசா வெந்திருந்ததா, எப்போது வெந்தது, வெந்த பிறகு எங்கே இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அதுதான்.

நாமக்கல்லில் என்ன நடந்தது?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு ஹோட்டலில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்தார். அதே கடையில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டவர்கள் உடல்நலம் பாதிக்கப்பட்டு சிகிச்சை பெற்றனர். உடனே அந்த மாவட்டத்தில் ஷவர்மா, கிரில், தந்தூரி வகைகளின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை போடப்பட்டது. மாநிலம் முழுக்க உணவுப் பாதுகாப்புத் துறை ரெய்டு நடத்தியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். அங்கே நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா இருந்தது உறுதியானது. அதன் பிறகு கேரள அரசு ஷவர்மாவுக்கென்றே தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. பார்சலில் செய்த தேதியும் நேரமும் எழுத வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்றும் ஒட்ட வேண்டும். சீவிய கறியை மறுபடியும் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் விஷயமே இருக்கிறது. ஷவர்மா கம்பியில் அடுக்கிய கறியில் நெருப்பு படுவது வெளிப்பக்கம் மட்டும். வெளியே வெந்ததைச் சீவி எடுத்தால், அடுத்த அடுக்கு வேகக் கொஞ்ச நேரம் கொடுக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் இருபது பேர் நிற்கும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை. கத்தி அரைவேக்காட்டு அடுக்குக்குள் போய்விடுகிறது. மாஸ்டருக்குத் தெரியாமல் நடக்கும் தப்பு இல்லை இது. கூட்டம் நெருக்கும்போது நடக்கிற தப்பு.

அப்போ கிரில் பாதுகாப்பானதா?

ஷவர்மாவைவிடக் கொஞ்சம் மேல் என்று சொல்லலாம். ஆனால் அதற்கும் சொந்தமாகச் சில சிக்கல்கள் உண்டு.

கண்ணாடிப் பெட்டி மெஷினில் முழுக்கோழி கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னாலிருந்து கேஸ் பர்னர் சூடு கொடுக்கும். சூடு மெதுவாகத்தான் உள்ளே இறங்கும் என்பதால் ஒரு கோழி முழுசா வேக ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கடைசியில் வேகும் இடம் தொடையும் உடம்பும் சேரும் மூட்டு. தோல் பொன்னிறமாக, எண்ணெய் சொட்டச் சொட்ட மின்னும்போதே மூட்டில் வேலை முடிந்திருக்காது.

தந்தூரி முறை வேறு. தயிர், மசாலாவில் ஊறிய கோழியைக் கீறிவிட்டுக் கம்பியில் குத்தி, மண் அடுப்புக்குள் இறக்குகிறார்கள். சூடு மிக அதிகம், நேரம் குறைவு. டெல்லியில் 1947-ல் தொடங்கிய மோதி மஹால்தான் இதை ரெஸ்டாரன்ட் ஐட்டமாக நாடு முழுக்கப் பிரபலமாக்கியது.

அல்ஃபஹம் வளைகுடாவிலிருந்து வந்தது. அரபியில் ஃபஹம் என்றால் கரி. கோழியை முதுகுப்பக்கம் பிளந்து புத்தகம் போல விரித்து, கம்பி வலைக்குள் வைத்து கரி நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். விரித்திருப்பதால் கனம் குறைவு, சூடு சீக்கிரம் எட்டிவிடும். இந்த மூன்றில் முழுசா வேக வைக்க வசதியானது இதுதான். ஆனால் நெருப்பு அதிகமானால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா என்பதால் தென்காசி மாவட்டத்துக்கு இந்த வகையறா எல்லாம் பழக்கமாக அதிக நாள் ஆகவில்லை. வளைகுடா போய்த் திரும்பியவர்களின் கைவண்ணமும் இதில் உண்டு.

சுட்ட கறி தமிழருக்குப் புதுசும் இல்லை. கரிகாலன் அளித்த விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையிலேயே கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருகிறது. தெற்கே இன்னும் சில வீடுகளில் உப்புக்கண்டத்தைத் தணலில் வாட்டித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதெல்லாம் சின்னத் துண்டு, உப்புப் போட்டுக் காயவைத்த கறி. ஒரு முழு பிராய்லர் கோழியை எலும்போடு, நூறு பேருக்கு, மூன்று மணி நேரத்தில் சுட்டுக் கொடுப்பதுதான் புது வேலை.

எத்தனை டிகிரி வேகணும்?

இதற்குச் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அளவுகோலின்படி அசைவ உணவின் உட்பகுதி 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 75 டிகிரியில் 15 விநாடி இருந்திருக்க வேண்டும். வெந்த பிறகு விற்கும் வரை 70 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைக்க வேண்டும். குளிரில் வைப்பதாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வெதுவெதுப்புதான் பாக்டீரியாவுக்குப் பிடித்த இடம்.

கோழிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனாலும் எத்தனை சாலையோரக் கடைகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? மாஸ்டரின் அனுபவம்தான் அங்கே தெர்மாமீட்டர். காலை இழுத்துப் பார்ப்பார், லேசாகப் பிரிந்து வந்தால் வெந்தது என்று அர்த்தம். அனுபவம் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். கோழியின் சைஸ் மாறும் நாளில்தான் பிரச்னை. வழக்கமாக ஒரு கிலோ அளவுக் கோழி வரும் கடைக்கு ஒருநாள் ஒன்றரைக் கிலோ கோழி வந்தால், அதே நேரக் கணக்கு போதாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐஸ் முழுசாக இறங்காத கோழியைக் கம்பியில் ஏற்றினாலும் இதே கதைதான்.

வாசலில் நின்றே பார்க்கலாம்

பிரியாணிக் கடையில் அடுப்பு பின்னால் இருக்கும். தம் போட்ட பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. கிரில் கடையில் அடுப்பே வாசலில்தான். ஆளை இழுக்க வைத்த இடம் அது. அதே இடம் வாடிக்கையாளருக்கும் உதவும். டோக்கன் வாங்கிவிட்டு போன் பார்க்கும் அந்தப் பத்து நிமிஷத்தை அடுப்புப் பக்கம் திருப்பினால் போதும்.

முதலில் மெஷினைப் பாருங்கள். மேல் கம்பியில் வெளுப்பாகப் புதுக்கோழி, கீழ்க் கம்பியில் வெந்த கோழி என்று இருந்தால் மேலே உள்ள பச்சைக் கறியின் நீர் கீழே வெந்த கறி மேல் சொட்டும். புதுசு கீழே, வெந்தது மேலே என்பதுதான் சரியான வரிசை. ரொம்பச் சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தால் மற்ற பலதும் தெரிந்திருக்கும்.

அடுத்தது பிரஷ். பச்சைக் கோழியில் மசாலா தடவிய அதே பிரஷால், அதே கிண்ணத்திலிருந்து, இறக்கப்போகும் கோழிக்கும் கடைசியாக ஒரு பூச்சு கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. கோழியை ஒரு மணி நேரம் வேக வைத்ததே அந்தப் பூச்சில் வீணாகிவிடும். வெட்டும் கட்டையும் அப்படித்தான். பச்சைக்கு ஒரு கட்டை, வெந்ததுக்கு ஒரு கட்டை, இரண்டு கத்தி. காசு வாங்கும் கையே கோழியைப் பிய்க்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மிச்சம். ராத்திரி பத்தரைக்குக் கடை சாத்தும்போது கம்பியில் மூன்று கோழி மீந்தால் அது எங்கே போகிறது? இந்தத் தொழிலின் மிகப்பெரிய கேள்வி இதுதான். சின்னக் கடையில் மூன்று கோழியைத் தூக்கிப் போடுவது என்றால் அன்றைய லாபத்தில் பாதி போச்சு. உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் உட்பகுதி 75 டிகிரி வரும்வரை சூடாக்கி ஃப்ரைடு ரைஸுக்குப் பிய்த்துப் போட்டால் விதிப்படி தப்பில்லை. அணைந்த மெஷினுக்குள்ளேயே விடியும்வரை தொங்கவிட்டு, மறுநாள் புதுக்கோழியோடு சேர்த்துச் சுற்றவிடுவதுதான் ஆபத்து. சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாயங்காலம் ஐந்தரைக்கே, அடுப்பு மூட்டிய கால் மணி நேரத்தில், "ரெடியா இருக்கு சார்" என்று ஒரு கடை சொன்னால் கொஞ்சம் யோசிக்கணும்.

அதனால்தான் கூட்டமுள்ள கடை நல்ல கடை என்ற பழைய கணக்கு கிரில்லுக்குப் பாதிதான் பொருந்தும். கூட்டம் இருந்தால் மிச்சம் இருக்காது, அது நல்லது. ஆனால் கூட்டம் அவசரப்படுத்தும், அது கெட்டது. எட்டு மணி நெரிசலில் "பத்து நிமிஷம் ஆகும்ணே, இன்னும் வேகல" என்று தைரியமாகச் சொல்கிற மாஸ்டர் இருக்கும் கடைக்குத்தான் நாலு ஸ்டார் கொடுக்கணும்.

சிவப்பா இருந்தா நல்ல மசாலாவா?

தேவையில்லை. காஷ்மீரி மிளகாய் நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் அது செங்கல் சிவப்பு. விரலில் ஒட்டி, சோப்புப் போட்டும் போகாத ரத்தச் சிவப்பு என்றால் செயற்கை நிறமி என்று சந்தேகப்படலாம். தந்தூரி, கபாப் வகைகளில் செயற்கை நிறமி சேர்க்க நம் நாட்டு விதிகளில் அனுமதி இல்லை. கர்நாடகா 2024 ஜூனில் கபாப்களுக்கு இதைத் தனியாகவே தடை உத்தரவாகப் போட்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததும் ரோடமின்-பி என்ற நிறமியால்தான். இந்தப் பக்கத்துக் கடைகள் நிறத்துக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை. விருதுநகர் சம்பா வத்தல் பக்கத்து மாவட்டத்துச் சரக்கு.

எலும்பு ஓரம் சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. இங்கே கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் வெட்டப்படுவது, எலும்பு முழுசாக முற்றியிருக்காது. மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியிலும் எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரியும். எனவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தொடையைப் பிரித்துப் பாருங்கள். கறி வழவழவென்று ரப்பர் போல எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், கசியும் நீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால், "அண்ணே, இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மயோனைஸ் தடை ஏன் வந்தது?

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்கத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளா 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024 அக்டோபரிலும் இதைச் செய்திருந்தன. காரணம் எளிது. முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் அதைக் கொல்ல மயோனைஸ் தயாரிப்பில் சூடு என்ற கட்டமே கிடையாது. முட்டையும் எண்ணெயும் மிக்ஸியில் அடிபட்டு நேராகக் கிண்ணத்துக்கு வருகிறது. அந்தக் கிண்ணம் நம்மூர் வெயிலில், அடுப்பு அனலுக்குப் பக்கத்தில், நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. கோழி எவ்வளவு ஒழுங்காக வெந்தாலும் பக்கத்தில் வைக்கும் ஒரு ஸ்பூன் வெள்ளை அதைக் கெடுத்துவிடலாம்.

தடை பச்சை முட்டைக்குத்தானே தவிர மயோனைஸ் என்ற பேருக்கு இல்லை. பாலில் அடிக்கும் முட்டையில்லாத மயோ, பாஸ்சரைஸ் செய்த முட்டையில் செய்யும் பாக்கெட் மயோ எல்லாம் இதில் வராது. "இது எந்த மயோ?" என்று கேட்டால் பாக்கெட்டை எடுத்துக் காட்டும் கடை நல்ல கடை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்பது பதிலே இல்லை.

சொல்லப்போனால் லெபனான் பக்கத்தில் சுட்ட கோழிக்கு வைப்பது தூம் என்ற பூண்டு விழுது. பூண்டு, எண்ணெய், உப்பு, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான், முட்டை கிடையாது. எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடே வாங்கிய புளியங்குடி சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். மயோ இல்லாவிட்டால் கிரில் விற்காது என்று கவலைப்படும் கடைக்காரருக்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கரி அடுப்பில் சுட்டால் உடம்புக்குக் கெடுதலா?

தெற்கே ஹோட்டல் அடுப்புக்கு வரும் கரியில் பெரும்பங்கு சீமைக்கருவேலம். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிமூட்டங்களிலிருந்து வருவது. நன்றாகத் தணல் பிடித்த கரியில் புகை குறைவு. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையும், கருகிய பகுதியும்தான் பிரச்னை. புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்படும் சில வேதிப்பொருட்கள் அங்கேதான் உருவாகின்றன. மாதம் ஒருமுறை சாப்பிடுகிறவர் கருகியதைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டால் பயப்படத் தேவையில்லை. வாரம் நாலு நாள் என்றால் வேறு கணக்கு. எப்படியும், அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது கரி இல்லை, அரைவேக்காடு.

பார்சல் வாங்குறீங்களா?

சின்ன ஊர்களில் கிரில் வியாபாரத்தில் பெரும்பகுதி பார்சல்தான். எட்டு மணிக்கு வாங்கி, பஸ் பிடித்து கிராமத்துக்குப் போய், பிள்ளைகளை எழுப்பி ஊட்டும்போது பத்தரை ஆகியிருக்கும். ஃபாயில் கவருக்குள் கோழி அந்த நேரம் முழுக்க வெதுவெதுப்பில் கிடந்திருக்கும். அதே கவருக்குள் மயோ டப்பாவும். கடை ஒழுங்காகச் செய்ததை வழியில் நாமே கெடுத்துக்கொள்வது இது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் தோசைக்கல்லில் மூடி போட்டு ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்கணும். சாஸைத் தனியாக வாங்குங்கள், மிஞ்சினால் எடுத்து வைக்காதீர்கள்.

வயிற்றைக் கலக்கினால் யார் மேல் தப்பு?

கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் முதலில் திட்டுவோம். அது எப்போதும் சரியாக இருக்காது. சால்மோனெல்லா தாக்கம் தெரிய 6 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் உணவில் ஏற்கெனவே உருவான நஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்கவே கூடாது. காய்ச்சல், ரத்தத்தோடு பேதி, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் நேராக அரசு மருத்துவமனை. போகும் வழியிலேயே ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பிக்கலாம். மருந்துக்கடையில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கி நாளைக் கடத்துவது ஆபத்து.

பில்லையும், மிச்சமிருந்தால் உணவையும் தூக்கிப் போடாதீர்கள். உணவைக் கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பில்லில் கடையின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் போட்டோவோடு புகார் அனுப்பலாம். கட்டணம் கட்டினால் வாங்கியவரே உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் 2006-ம் ஆண்டு சட்டத்தில் வழி இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு என்று நிரூபணமானால் கடைக்காரருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். குடும்பத்துக்கு இழப்பீடு குறைந்தது 5 லட்சம்.

ஒரு ஊரில் சம்பவம் நடந்தால் பத்து ஊர் கடைகளில் ரெய்டு நடக்கும், ஒரு வாரம் பழைய கறி கிலோ கணக்கில் அழிக்கப்பட்ட செய்தி ஓடும், அப்புறம் அமைதியாகிவிடும். அந்த ஒரு வாரத்தில் ஒழுங்காக நடத்துகிற கடைக்காரருக்கும் வியாபாரம் படுக்கும். நல்ல கடையையும் மோசமான கடையையும் பிரித்துச் சொல்ல அவருக்கு வேறு வழியும் இல்லை, அடுத்த ரிவ்யூ வீடியோ எடுப்பவர் தட்டை விட்டுவிட்டு கேமராவைக் கொஞ்ச நேரம் மெஷின் பக்கம் திருப்பினால் தவிர.